ஆள் வருது

மாட்டுத்தாவணிக்குள் பஸ் திரும்பும்போதே அப்பா நடக்க ஆரம்பித்துவிடுவார். தீபாவளிக்கு முந்தின நாள், பொங்கலுக்கு முந்தின நாள், முகூர்த்த நாள் என்று எப்போது போனாலும் அருப்புக்கோட்டை வண்டிக்கு ஒரு கூட்டம் நிற்கும். வண்டி நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட வேண்டும். அப்பா ஆறடி ஒரு அங்குலம். மற்றவர்கள் எம்பி எம்பிப் போடுகிற துண்டை அவர் தபால்பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி போட்டுவிட்டு அவசரமே இல்லாமல் பின்னால் ஏறி வருவார். அதற்குள் யாராவது அந்த சீட்டில் உட்காரப் போனால் படிக்கட்டிலிருந்தே "ஆள் வருது" என்பார். அவ்வளவுதான். முணுமுணுத்துக்கொண்டாவது அந்த ஆள் எழுந்துவிடுவார்.

அது என்ன உரிமை என்று இப்போதும் எனக்குப் புரிந்ததில்லை. டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டருக்குத் தெரியாது. "துண்டு போட்டா சீட்டு ஒனக்காயிருமா?" என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் அப்படிக் கேட்கிறவர் கையிலும் ஒரு துண்டு இருக்கும் என்பதால் சண்டை வெகுதூரம் போகாது.

துண்டு எங்கே விழ வேண்டும் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பாண்டித்தியம் இருந்தது. டயர் மேல் இருக்கிற சீட் ஆகாது, முழங்கால் தாடைக்கு வந்துவிடும். கடைசி சீட் தூக்கிப் போடும். காலையில் மதுரைக்குக் கிளம்பினால் இடது பக்கம் உட்கார வேண்டும், வெயில் வலது பக்கம் அடிக்கும். படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிற சீட் கிடைத்தால் அவர் ராஜா. முன்னால் சீட் இல்லை, காலை நீட்டிக்கொள்ளலாம். அம்மாவுக்கு எப்போதும் சன்னலோரம். பஸ் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். ஊருக்குக் கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். எங்கே இறங்குவது, எங்கே போவது? நம் ஊரில் பஸ்ஸில் போகிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு அது. நான் அதை ஒரு விஷயமாகவே எண்ணியதில்லை.

*

எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலை, ஒருவகையில், துண்டு விற்கிற வேலை. பெங்களூரில் விமான நிறுவனங்களுக்கு டிக்கெட் மென்பொருள் செய்து தருகிற ஒரு கம்பெனி. பயணச்சீட்டு எடுத்தபிறகு ஒரு படம் வருமே, விமானத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி, பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகக் கட்டங்கள்? அந்தப் பக்கத்தைக் கட்டிய ஏழு பேரில் நானும் ஒருவன்.

அங்கேதான் முதல்முதலாக 'பிட்ச்' என்ற அளவைத் தெரிந்துகொண்டேன். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளிவரை உள்ள தூரம். கால் வைக்கிற இடம் என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இது அது இல்லை. முதுகுச் சாய்மானத்தின் தடிமனும் இந்தக் கணக்குக்குள் வரும். பஞ்சைக் குறைத்து மெல்லிய சாய்மானம் வைத்தால் அதே 29 அங்குலத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், முதுகுக்குக் கிடைக்க வேண்டியது போய்விடும். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் 28-இலிருந்து 30 அங்குலம்.

ஏன் ஓர் அங்குலம் கூடுதலாகத் தரக்கூடாது? இதற்கு எம்பிஏ எல்லாம் தேவையில்லை. 180 இருக்கை உள்ள ஏ320-இல் வரிசைக்கு ஆறு பேர், முப்பது வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அங்குலம் கொடுத்தால் முப்பது அங்குலம், அதாவது ஒரு வரிசையே காணாமல் போகும். ஆறு டிக்கெட். அந்த விமானம் பறக்கிற ஒவ்வொரு தடவையும் ஆறு டிக்கெட். இதை என் மேனேஜர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டியபோது எனக்கு அநியாயமாகவே தோன்றவில்லை. அழகான கணக்காகத் தோன்றியது. அதுதான் இன்ஜினியரிங் படித்ததன் பலன் என்று நினைக்கிறேன்.

அநியாயம் வேறு இடத்தில் இருந்தது. அதை எனக்குக் காட்டியவரும் ஓர் இன்ஜினியர்தான். ழுல் துப்புய், பிரெஞ்சுக்காரர், பாலமும் சாலையும் கட்டியவர். 1849-இல் ரயில் கட்டணம் பற்றி எழுதும்போது, மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு ஏன் கூரை போடவில்லை என்று கேட்கிறார். கூரைக்கு ஆகிற செலவு பெரிதில்லை. ஏழைகளை வதைப்பதும் நோக்கமில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது, அவனைப் பயமுறுத்தத்தான் என்கிறார். அடி விழுவது இல்லாதவனுக்கு, மிரட்டல் இருப்பவனுக்கு.

நாங்கள் செய்ததும் அதுதான். எங்கள் பக்கத்தில் 'இருக்கை வேண்டாம், தொடர்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைப் பொத்தானாக இல்லாமல் வெறும் எழுத்தாக மாற்றினோம். பிறகு சாம்பல் நிறமாக்கினோம். பிறகு அதை அழுத்தினால் 'உங்கள் குழுவினர் தனித்தனியே அமர நேரிடலாம்' என்று ஒரு பெட்டி வரவைத்தோம். அந்தப் பெட்டிக்கான வரியை எழுதியவன் நான். ஒவ்வொரு மாற்றத்தையும் பாதிப் பேருக்குக் காட்டி, பாதிப் பேருக்கு மறைத்து, எது கூடுதலாக விற்கிறது என்று பார்ப்போம். அந்தப் பெட்டி நன்றாக விற்றது. அன்றைக்கு டீம் சாப்பாடு, பிரியாணி. (2024 ஏப்ரலில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம், 12 வயதுவரையுள்ள குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவருடனாவது உட்காரவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.)

சாப்பாட்டு மேசையில் அடிக்கடி ஒரு விவாதம் வரும். சாய்மானத்தைச் சாய்க்கிற உரிமை முன்னால் இருப்பவனுடையதா, அந்த இடம் பின்னால் இருப்பவனுடையதா? 2014-இல் அமெரிக்காவில் முன் சீட் சாயாமல் தடுக்கிற பிளாஸ்டிக் கட்டை ஒன்றை ஒருவர் மாட்டிவைக்க, சண்டை முற்றி, டென்வர் போக வேண்டிய விமானத்தை சிகாகோவில் இறக்கினார்கள். பேரம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார்கள் பொருளாதாரம் பேசுகிறவர்கள். இரண்டு சட்டப் பேராசிரியர்கள் இணையத்தில் ஆட்களைக் கேட்டுப் பார்த்தார்கள். சாய்க்காமல் இருக்க முன்னால் இருப்பவர் சராசரியாகக் கேட்டது 41 டாலர், பின்னால் இருப்பவர் தரத் தயாராக இருந்தது 18. விதியைத் திருப்பிப் போட்டு, இடம் பின்னால் இருப்பவருடையது என்று சொன்னால்? முன்னால் இருப்பவர் தருவது 12, பின்னால் இருப்பவர் கேட்பது 39. இடம் யாருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், அவர் விடமாட்டார். என் அப்பாவின் துண்டு இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

*

மூன்று வருடத்தில் அந்த வேலையை விட்டேன். மனசாட்சி எல்லாம் ஒன்றுமில்லை, நெதர்லாந்தில் வேறு வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. மகள் பிறக்கப் போகிறாள் என்றதும் அம்மாவும் அப்பாவும் வருவதாக ஏற்பாடு. இருவருக்கும் அதுதான் முதல் விமானம். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நான்கு மணி நேரம், அங்கே மாறி ஆம்ஸ்டர்டாமுக்கு ஏழு மணி நேரம்.

டிக்கெட் எடுத்த இரவில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தின் சூட்சுமம் எனக்குத் தெரியும். போயிங் 777-இல் வரிசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்த காலம் ஒன்று உண்டு. இது பத்துப் பேர் உட்காருவது, மூன்று, நான்கு, மூன்று. முதல் வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் அகலம் குறையும், தொட்டில் மாட்டுகிற இடமும் அதுதான், இரவெல்லாம் குழந்தை அழும். கழிவறைப் பக்கம் ஆகாது. அவசர வழி வரிசை, அதில் ஓரம். அதுதான் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிற சீட். அப்பாவின் கால்களை மனதில் வைத்து அந்த நீண்ட பயணத்துக்கு மட்டும் இரண்டு இருக்கைகள் வாங்கினேன். டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு 90 யூரோ. அம்மாவுக்கு அது தேவையில்லை, அவள் நாலடி பதினோரு அங்குலம். இருந்தாலும் பக்கத்தில் இருக்கட்டும் என்று வாங்கினேன்.

ஒரு வாரம் கழித்து, வெளிநாட்டில் இருக்கிற எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் செய்கிற அந்தக் காரியத்தையும் செய்தேன். இருவருக்கும் வீல்சேர் சொன்னேன். இருவருக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது. அப்பா பஞ்சாலையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். ஆனால் இங்கிலீஷ் வராது, அத்தனை பெரிய ஏர்போர்ட்டில் கேட் மாறத் தெரியாது. வீல்சேர் சொன்னால் ஓர் ஆள் வந்து கடைசிவரை கூட்டிப்போவார். நாம் கேட்பது நாற்காலியை இல்லை, ஆளைத்தான்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவசர வழிப் பக்கம் உட்காருகிறவர் தேவைப்பட்டால் கதவைத் திறக்க வேண்டும், ஊழியர் சொல்வது புரிய வேண்டும். வீல்சேர் கேட்டவரை அங்கே உட்காரவைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. நியாயமான விதி. அந்த விதியை எங்கள் மென்பொருளில் எழுதுவதா வேண்டாமா என்று ஒருமுறை பேச்சு வந்ததும் நினைவிருக்கிறது. இருக்கை ஓர் அணி, வீல்சேர் இன்னோர் அணி. 'செக்-இன் கவுன்ட்டரில் பார்த்துக்கொள்வார்கள்' என்று டிக்கெட்டை மூடினோம். இது எங்கள் கம்பெனி செய்த மென்பொருளா என்று எனக்குத் தெரியாது. யார் செய்திருந்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்லி மூடியிருப்பார்கள்.

கவுன்ட்டரில் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மிச்சமிருந்த இடங்களில் அப்பாவுக்கு நடு நாலில் ஓர் இடம். அம்மாவுக்கு அதற்குப் பதினோரு வரிசை பின்னால், இரண்டு ஆண்களுக்கு நடுவில். நான் எழுதிய அந்தப் பெட்டி அவர்களுக்கு வரவே இல்லை.

அப்பா சமாளித்துவிட்டார். ஒரு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து பார்த்திருக்கிறார், முடியவில்லை. எழுந்து பின்னால் சாப்பாடு வைக்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். முப்பது வருடம் நின்றவருக்கு ஆறு மணி நேரம் ஒரு கணக்கா? பணிப்பெண்கள் ஜூஸ் கொடுத்தார்களாம், அவர் பதிலுக்கு முறுக்கு கொடுத்தாராம். நடுவில் இரண்டு தடவை அம்மாவின் வரிசைக்கு வந்து "சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். "ம்" என்றிருக்கிறாள்.

அம்மா ஏழு மணி நேரத்தில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் தூங்கிவிட்டார், அந்நிய ஆம்பளையைத் தொட்டு எப்படி எழுப்புவது? வளைகுடாவிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டாள். கால் தரையில் எட்டவில்லை. பையைக் காலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் பணிப்பெண் வந்து மேலே ஏற்றிவிட்டாள். தொங்கிய காலோடு, எலுமிச்சம்பழத்தோடு, உட்கார்ந்தே வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று வாசலில் "பயணம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டபோது "பஸ்ஸுக்குத் தேவலப்பா, வாடை இல்ல" என்றாள். நான் அப்பாவிடம் அந்த 180 யூரோவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

*

ஐந்தாம் நாள் என் மனைவிதான் பார்த்தாள். அவளே பிள்ளை பெற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "அத்தை, இடது கால் கொலுசு ஏன் இப்படிப் பதிஞ்சிருக்கு?" வலது காலில் கொலுசு தளர்ந்து கிடக்கிறது, இடது காலில் தோலுக்குள் கோடு போட்டிருக்கிறது. அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு "உப்பு கூடிருச்சு போல" என்றாள். உப்பு கூடினால் ஒரு காலுக்கு மட்டுமா கூடும்?

இங்கே குடும்ப மருத்துவர்களைப் பற்றி ஒரு நகைச்சுவை உண்டு, கழுத்தில் கத்தி குத்தியிருந்தாலும் பாரசிட்டமால் போட்டு ஓய்வெடுக்கச் சொல்வார்கள் என்று. அந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை. கெண்டைக்காலை ஒருமுறை அழுத்தியதும் முகம் மாறிவிட்டது, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினார். அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள். ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அந்த இளம் டாக்டர் மெதுவான இங்கிலீஷில் எனக்குச் சொன்னார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். "ரத்தம் கொஞ்சம் கெட்டியாயிருக்காம், மாத்திரை தர்றாங்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பசிக்கும், கெளம்பலாமா?" என்றாள்.

அன்றிரவு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் படித்துக்கொண்டே இருந்தேன். 1940-இல் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழித்தவர்கள் திடீரென இறந்துபோனதைக் கவனித்து ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். நாற்காலியின் முன் சட்டம் தொடையை அழுத்தியதைச் சந்தேகிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகிற எந்தப் பயணமும், பஸ்ஸோ ரயிலோ விமானமோ, இந்த அபாயத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. அப்படியும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

என்னை எழுந்து உட்காரவைத்தது வேறொன்று. 2006-இல் வந்த ஓர் ஆய்வு, நான் இருக்கிற ஊரிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய லைடன் பல்கலைக்கழகத்தில் செய்தது. விமானப் பயணிகளில் யாருக்கு ஆபத்து அதிகம்? 190 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவர்களுக்கு. அது எனக்குத் தெரிந்ததுதான். கூடவே, 160 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்களுக்கும். கால் தரையில் எட்டாதபோது இருக்கையின் விளிம்பு முழங்கால் மடிப்புக்குப் பின்னால் அழுத்தலாம், ரத்தம் மேலே ஏறத் தடையாகலாம். மூன்று வருடம் அந்தப் பக்கத்தைக் கட்டினேன். முன்னால் எத்தனை அங்குலம் என்பதற்கு விலை வைத்தோம். கீழே எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் தையல் டேப்பை எடுத்து அம்மாவை உட்காரவைத்து அளந்தேன். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை 14 அங்குலம். எங்கள் சாப்பாட்டு நாற்காலி 18. "சட்ட தைக்கப் போறியா?" என்றாள்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல் இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்லிச் சட்டமே போட்டது. அதற்காக விமானத்திலிருந்து ஆட்கள் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். பாதிக் கதவுகளை மூடிவைத்து 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்பது விமானங்களுக்கான பழைய விதி. சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்ட, உடல்நலம் உள்ள பெரியவர்கள். 2022-இல் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,000-க்கு மேல் வந்து குவிந்தன. அந்த 26,000-இல் என் அம்மாவைப் போன்ற ஒருத்தி எழுதியிருப்பாளா? அவள்தான் பக்கத்து சீட்காரரைக்கூட எழுப்பவில்லையே.

அப்பா அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. ஒருநாள் பால்கனியில் நின்றுகொண்டு, "நான் நின்னுட்டேல்ல வந்தேன், அவளையும் ரெண்டு தடவ எந்திரிக்கச் சொல்லிருக்கலாம்" என்றார். நான் என் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அந்த சாம்பல் நிற எழுத்தைப் பற்றி அவரிடம் எப்படி விளக்குவது? 180 யூரோ மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தது.

*

எழுபத்தெட்டாம் நாள் திரும்பினார்கள். மாத்திரையோடு பறக்கலாம் என்றார் டாக்டர். தண்ணீர் குடிக்க வேண்டும், மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். கால் வைக்க ஒரு தொங்குபலகை வாங்கினேன். அப்பாவின் போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்தேன். ஆபத்து வரிசை, முதல் வரிசை என்று எந்த வித்தையும் காட்டாமல் சாதாரண வரிசை ஒன்றைத் திறந்தேன். அம்மாவுக்கு ஓரம்தான் நல்லது, எழுந்திருக்க வசதி. "சன்னலோரம் இல்லயா?" என்றாள். டாக்டர் சொன்னதை விளக்கினேன். "போன தடவ ஒண்ணுமே பாக்கலப்பா" என்றாள். சரி என்று அம்மாவுக்கு சன்னல், அப்பாவுக்கு ஓரம், நடுவில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று காலியாக விட்டேன். இதுவும் எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரிந்த பழைய தந்திரம்தான்.

கதவை மூடுவதற்கு முன் அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். சன்னலோரம் அம்மா, கையில் தண்ணீர் பாட்டில். நடு இருக்கையில் அவருடைய துண்டு, நாலாக மடித்து.

ஊருக்குப் போனதும் மீதியைச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் ஒரு டச்சுப் பையன் வந்து அந்த வரிசையில் நின்றிருக்கிறான். அப்பா தமிழிலேயே "ஆள் வருது" என்றிருக்கிறார். அவன் தன் சீட்டை ஒருமுறை பார்த்து, எண்ணை ஒருமுறை பார்த்து, பேசாமல் நின்றிருக்கிறான். அப்பா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அவரைவிட அரையடி உயரம்.

"அந்தக் கால நடுவுல எங்க வெப்பான், பாவம்" என்றார் அப்பா. துண்டை எடுத்துக்கொண்டு நடுவில் நகர்ந்துவிட்டாராம். ஓரம் அவனுக்கு.

"அந்த ஓர சீட்டுக்கு 38 யூரோ குடுத்தேம்ப்பா."

"குடுத்தா என்ன? அலாரம் அடிச்சதும் அவனே எந்திரிச்சு வழி விட்டுர்றான். அவனுக்கும் கால் கடுத்திருக்கும்ல."

அம்மா பின்னாலிருந்து போனை வாங்கினாள். "ஆறு தடவ எந்திரிச்சேன்" என்றாள்.